லிங்கன் படத்தில் எது வரலாறு, எது கதை? அடிமைமுறைப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தர வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் படம் போட்டுக் காட்டுகிறேன். அரசியல் தலைவர்கள் பற்றிய படங்கள், அவற்றிலும் அடிமைமுறையைத் தொடும் படங்கள்தான் அதிகம். விளக்கைப் போட்டதும் கேள்விகள் கிளம்பும். மிச்சம் இரவில் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்து விழும். கல்லடியோ, காத்தான்குடியோ, களுவாஞ்சிகுடியோ, கல்முனையோ, கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லித் தொண்டை வற்றுவதை விட எழுதி வைப்பது சுகம்.

சேர், ‘லிங்கன்’ படத்தில் வாறதெல்லாம் உண்மையா?

பெரும்பகுதி உண்மை. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 2012இல் எடுத்த அந்தப் படம், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ஜனாதிபதி லிங்கனின் முழு வாழ்க்கையையும் சொல்லப் போகவில்லை. 1865 ஜனவரி முதல் ஏப்ரல் வரையான சில மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கா முழுவதும் அடிமைமுறையை ஒழித்த 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது எப்படி என்பதே கதை. வாக்கெடுப்பு 1865 ஜனவரி 31இல் நடந்தது. ஆதரவாக 119, எதிராக 56. படத்திலும் அதே கணக்குத்தான். பதவி தருகிறோம் என்று ஆசை காட்டி எதிர்க்கட்சிக்காரரை வளைத்துப் போட்டதும் வெறும் கற்பனை இல்லை.

லிங்கன் வாயைத் திறந்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள், "என்ன சேர், கீச்சுக் குரல்!" அதுவும் சரியானதுதான். அவர் பேச்சை நேரில் கேட்டவர்கள் மெல்லிய, உயர்ந்த குரல் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். சிலையாகப் பார்த்துப் பழகிய ஆளுக்கு இடிக்குரலைப் பொருத்தியது நாங்கள்தான். படத்தில் டிக் டிக் என்று கேட்கும் கடிகாரச் சத்தம்கூட, கென்டக்கியில் பாதுகாத்து வைத்திருக்கும் லிங்கனின் சட்டைப்பைக் கடிகாரத்திலிருந்து பதிவு செய்தது.

அப்ப எங்கே கை வைத்தார்கள்?

கனெக்டிகட் மாநிலத்தில். அந்த மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜோ கோர்ட்னி படம் பார்க்கும்போது, தன் மாநிலத்துக்காரர் இருவர் திருத்தத்தை எதிர்த்து வாக்களிப்பதைக் கண்டார். மனம் ஒப்பவில்லை. போய்ப் பதிவேட்டைப் பார்த்தால், 1865இல் கனெக்டிகட்டின் நான்கு உறுப்பினரும் ஆதரவாகவே வாக்களித்திருக்கிறார்கள். 2013இல் ஸ்பீல்பேர்க்குக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். பதில் சொன்னவர் திரைக்கதை ஆசிரியர் டோனி குஷ்னர். மாற்றியதை அவர் மறைக்கவில்லை. போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தது என்று காட்டவே அப்படிச் செய்ததாகவும், உண்மையான மனிதர் தலையில் பழி விழாமல் அந்த உறுப்பினர்களுக்குக் கற்பனைப் பெயர் வைத்ததாகவும் சொன்னார்.

கடிகாரச் சத்தத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டவர்கள் வாக்குப் பதிவில் கை வைத்தது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. வேறொரு கடிகாரத்தின் சத்தத்தைப் போட்டிருந்தால் யாருக்கு நட்டம்?

ரெண்டு வாக்கை மாற்றினால் என்ன, குடியா முழுகிவிடும்?

முழுகாது. அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக வாதாடும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பொத்தான், தொப்பி, திகதி என்று பிழை பிடிப்பது இலகு, சுவாரசியமும்கூட. ஆனால் படத்தில் யார் இல்லை என்று பாருங்கள். அங்கேதான் பெரிய பிழைகள் ஒளிந்திருக்கும்.

‘லிங்கன்’ படத்தில் பிரடெரிக் டக்ளஸ் இல்லை. அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி ஓடி, பேச்சாலும் எழுத்தாலும் அந்த நாட்டையே உலுக்கிய மனிதர். லிங்கனை 1863இலும் 1864இலும் நேரில் சந்தித்து வாதாடியவர். படம் எடுத்துக்கொண்ட மாதங்களுக்குள் அவருக்கு வேலையில்லை என்றும் சொல்ல முடியாது. லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு உரை படத்தில் வருகிறது, அது 1865 மார்ச் 4. அன்று மாலை வெள்ளை மாளிகை வரவேற்புக்குப் போன டக்ளஸை வாசலில் நின்ற காவலர்கள் தடுத்துவிட்டார்கள். உள்ளே ஆள் அனுப்பித்தான் நுழைய முடிந்தது. அவரைக் கண்ட லிங்கன் எல்லார் முன்னிலையிலும் கைகொடுத்து, இன்றைய உரை எப்படி என்று கேட்டாராம். டக்ளஸே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எந்த இயக்குநருக்கும் நாக்கில் நீர் ஊறவைக்கும் காட்சி. எடுக்கவில்லை.

எலிசபெத் கெக்லி படத்தில் வருகிறார், ஜனாதிபதி மனைவியின் தையற்காரியாக. பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நிஜத்தில் 1855இல் பணம் கட்டித் தன்னையும் தன் மகனையும் மீட்டவர் அவர். 1862இல் தப்பி வந்த அடிமைகளுக்கு உதவ ஒரு சங்கமே அமைத்தார். பிரிந்து போன தென்மாநிலங்களோடு போரிட்ட வடக்குப் படையில் ஏறக்குறைய 180,000 கறுப்பினத்தவர் சேர்ந்திருந்தார்கள். இதையெல்லாம் ஓரமாக வைத்தால், மேசையைச் சுற்றி வெள்ளைக்காரர் சிலர் வாதாடி விடுதலையைத் தட்டில் வைத்துக் கொடுத்த கதையாகத்தான் மிஞ்சும். படம் வந்த நாட்களிலேயே வரலாற்றாசிரியர் கேட் மேசர் இதைச் சுட்டிக்காட்டினார்.

இந்தியப் பக்கமும் இதே கதைதான். ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ 1982இல் வந்தது. 3 மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதில் அம்பேத்கர் ஒரு காட்சியில்கூட இல்லை. 1932இல் தாழ்த்தப்பட்டோரின் தேர்தல் உரிமை பற்றிய பூனா ஒப்பந்தத்துக்காகக் காந்தியோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டிய மனிதர்!

கூத்திலும் கூட்டிக் குறைத்துத்தானே ஆடுறாங்க? அதை யாரும் பிழை சொல்வதில்லையே?

அருமையான கேள்வி. கேட்டது நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளை. வட்டக்களரி என்ற கூத்து மேடையில் கரப்புடுப்பு என்ற கூத்துடை கட்டி ஆடும் தருமர் நேற்று வரம்பு கட்டிய பக்கத்து வீட்டு அண்ணன் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் மத்தளமும் பிற்பாட்டும் இது ஆட்டம், இது ஆட்டம் என்று விடியும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். அத்தினாபுரத்து அரண்மனை இப்படித்தான் இருந்தது என்று யாரும் சத்தியம் பண்ணுவதில்லை. சினிமா தன் களரியை மறைத்துவிடும். சேறு படிந்த சப்பாத்து, புகை படிந்த சுவர், நிஜக் கடிகாரச் சத்தம் எல்லாம் சேர்ந்து, நீ அங்கேயே நின்று பார்க்கிறாய் என்று நம்ப வைக்கும். அந்த நம்பிக்கையோடு பொய்யான வாக்கும் உள்ளே போய்விடும்.

லிங்கன் அடிமைகளை விடுவித்தாரா, இல்லையா? ஒரு வரியில் சொல்லுங்க.

ஒரு வரியில் சொன்னால் பரீட்சையிலும் ஒரு வரிக்குத்தான் புள்ளி கிடைக்கும். 1862 ஓகஸ்டில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது நாட்டை உடையாமல், காப்பாற்ற முடிந்தால் அப்படியும் செய்வேன் என்றார் அதே லிங்கன். 1863 ஜனவரி 1இல் வந்த விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த தென்மாநிலங்களுக்கு மட்டுமே. வடக்கோடு நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கிலும் அடிமைமுறையை அது தொடவில்லை. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் எசமானரை விட்டு வடக்குப் படை முகாம்களுக்கு நடந்து வரத் தொடங்கியிருந்தார்கள். வந்து நின்றவர்களை என்ன செய்வது என்று அரசு முடிவெடுத்தே ஆகவேண்டிய நிலை. லிங்கன் மாறினார், மாறும்படி ஆக்கவும் பட்டார். இரண்டையும் எழுதுங்கள்.

வில்பர்ஃபோர்ஸ் பற்றிய ‘அமேசிங் கிரேஸ்’ படம் எப்படி?

2006இல் வந்தது. பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்து 200 ஆண்டு நிறைவதை ஒட்டி எடுத்தது. அந்தத் தடைக்காகப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் போராடியவர் வில்பர்ஃபோர்ஸ். மனதைத் தொடும் படம்தான், ஆனால் வரலாற்றில் கொஞ்சம் தாராளமாகவே விளையாடியிருக்கிறார்கள். 1807இல் சட்டம் நிறைவேறியதும் அரசியல்வாதி சார்ள்ஸ் பொக்ஸ் எழுந்து வில்பர்ஃபோர்ஸைப் புகழ்ந்து பேசுகிறார், சபையே எழுந்து கைதட்டுகிறது. பொக்ஸ் 1806 செப்டெம்பரிலேயே இறந்துவிட்டார். அந்தப் புகழுரையை உண்மையில் ஆற்றியவர் சாமுவேல் ரொமிலி. நம்ம தேவாலயங்களிலும் பாடுகிற ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டின் மெட்டும் அப்போது அந்தப் பாட்டோடு சேரவில்லை. ஜோன் நியூட்டன் எழுதிய வரிகளுக்கு அந்த மெட்டு அமெரிக்காவில் 1835இல்தான் வந்து ஒட்டியது.

இவை சில்லறை. 1807 சட்டம் நிறுத்தியது ஆட்களைக் கப்பலேற்றி விற்கும் வியாபாரத்தை மட்டும். ஏற்கெனவே அடிமையாய் இருந்தவர் அடிமையாகவே இருந்தார். 1831 கிறிஸ்மஸ் நாட்களில் ஜமேக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் பல்லாயிரம் அடிமைகள் வேலையை நிறுத்திக் கிளர்ந்தார்கள். அவரை 1832இல் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1833இல், ஒழிப்புச் சட்டம் வந்தது. விடுதலைக்கு நட்டஈடாக 20 மில்லியன் பவுண் கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை, முழுவதும் எசமானர்களுக்கு. அதற்காக வாங்கிய கடன் முழுதாகக் கட்டித் தீர்ந்தது 2015இல்.

1833 சட்டம் வந்ததும் இலங்கையிலும் அடிமைமுறை ஒழிந்ததுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

அந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவு மூன்று இடங்களைப் பெயர் சொல்லி விலக்கியது. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆள்புலங்கள், இலங்கைத் தீவு, சென் ஹெலினாத் தீவு. படத்தைப் பார்த்துவிட்டு நம்ம பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். வில்பர்ஃபோர்ஸின் வெற்றி இந்தத் தீவுக்கு வரவில்லை என்பது அந்தச் சட்டத்திலேயே அச்சாகிக் கிடக்கிறது.

இங்கே அது துண்டு துண்டாகத்தான் நகர்ந்தது. 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், அந்த ஆண்டு ஓகஸ்ட் 12க்குப் பிறகு அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமாய்ப் பிறந்தவர்களாகக் கருதப்பட எசமானர் பலர் உடன்பட்டார்கள். 1818இல் யாழ்ப்பாணப் பகுதி அடிமைகளைப் பதிவு செய்ய ஒழுங்குவிதி வந்தது. முழு ஒழிப்பு 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு. இந்த ஆண்டை எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். 1865ஐக் கேட்டால் உடனே கை உயரும்.

இலங்கையில் அடிமைகளா? எங்கே இருந்தாங்க?

கொழும்பில் கொம்பனித்தெரு என்கிறோமே, அதை ஆங்கிலத்தில் அடிமைத் தீவு (Slave Island) என்று அழைத்து வந்தார்கள். ஒல்லாந்தக் கம்பனி தன் அடிமைகளை அங்கே வைத்திருந்ததால் வந்த பெயர். யாழ்ப்பாண வழமைகளை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், அடிமைகள் பற்றித் தனிப் பகுதியே உண்டு. காணி, சீதனம், அடகு ஆகியவற்றோடு ஆட்களும் சொத்துக் கணக்கில்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கணக்கை அப்படியே மட்டக்களப்பின் மேல் ஒட்டாதீர்கள். இங்கே தேசவழமை இல்லை, முக்குவர் சமூகத்தின் வழக்கச் சட்டமான முக்குவர் வழமைதான் இருந்தது.

போடியார் வயலில் முல்லைக்காரராக நின்ற எங்கட அப்பப்பா அடிமையா, சேர்?

இல்லை. அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள், கொஞ்சம் குரல் இறங்கிக் கேட்கிறார்கள். முல்லைக்காரர், பெரிய வயற்காரரான போடியாரிடம் போகத்துக்குப் போகம் பேசிக்கொண்டு வாடியில் தங்கி வேலை செய்தவர், கூலி நெல்லாகக் கிடைத்தது. கடன்பட்டிருக்கலாம், ஏமாற்றப்பட்டிருக்கலாம், போடியார் முன்னால் சால்வையைக் கக்கத்தில் வைத்து நின்றிருக்கலாம். ஆனால் அவரை விற்கவோ, ஈடுவைக்கவோ, மகளுக்குச் சீதனமாய் எழுதவோ போடியாரால் முடியாது. அடிமைக்கு இவை மூன்றும் நடந்தன. சுரண்டல் எல்லாவற்றையும் அடிமைமுறை என்றால் இரண்டுமே மங்கிவிடும்.

‘அமிஸ்டாட்’ படத்தில் வரும் அந்தக் கறுப்பினத் தலைவர் யார்?

மோகன் ஃப்ரீமன் நடித்த தியோடர் ஜோட்சன் என்ற பாத்திரம் முழுக்கக் கற்பனை. கடத்தப்பட்ட ஆபிரிக்கரோடு சேர்ந்து அமிஸ்டாட் கப்பலைக் கைப்பற்றிய செங்பே பியே உண்மை. வழக்காடிய முன்னாள் ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ் உண்மை. மொழிபெயர்ப்பாளராக வரும் ஜேம்ஸ் கோவியும் உண்மை. 1841இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அந்த ஆபிரிக்கர்களை விடுவித்தது, அடிமைமுறை பிழை என்றதால் அல்ல. ஸ்பானியச் சட்டப்படியே ஆபிரிக்காவிலிருந்து ஆளைக் கடத்துவது குற்றம், ஆகவே இவர்கள் சட்டப்படி எப்போதுமே அடிமைகளாய் இருக்கவில்லை என்றது. அமெரிக்காவில் பிறந்த அடிமைகளுக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு விடிவும் வரவில்லை. படத்தின் இசை உங்களுக்கு வேறு மாதிரிச் சொல்லும்.

‘12 இயேர்ஸ் எ ஸ்லேவ்’ சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

வேண்டாம், உயர்தர வகுப்புக்கு மேலே போதும். சுதந்திர மனிதராய் இருந்து கடத்தி அடிமையாக விற்கப்பட்ட சொலமன் நோர்த்தப் 1853இல் எழுதிய தன் கதையை ஒட்டியே போகும். ஆனால் கப்பலில் ஒருவரை மாலுமி கத்தியால் குத்திக் கொல்வது புத்தகத்தில் இல்லை. அங்கே அந்த மனிதர் அம்மை நோயால் இறக்கிறார்.

ஆபிரிக்க மன்னர்களும் ஆட்களை விற்றாங்களே?

விற்றார்கள். 2022இல் வந்த ‘த வுமன் கிங்’ படம் மேற்கு ஆபிரிக்காவின் தகோமி நாட்டுப் பெண் படையைக் காட்டுகிறது. படை உண்மை, வீரமும் உண்மை. ஆனால் அந்நாட்டு மன்னர் கெசோ அடிமை வியாபாரத்தை விட்டதாகக் காட்டுவது கட்டுக்கதைக்குக் கிட்ட. 1852இல் பிரிட்டிஷ் கடற்படை நெருக்கிய பிறகே, அதுவும் அரைமனதோடு, ஒப்பந்தத்துக்கு வந்தார். இதை வைத்து ஐரோப்பியரின் கணக்கைத் தள்ளுபடி செய்யப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு படத்தால் உண்மையில் தீமை நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. 1915இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘த பேர்த் ஒஃப் எ நேஷன்’ கறுப்பினத்தவரைத் தாக்கிய கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை வீரர்களாகக் காட்டியது. ஜனாதிபதி வில்சன் வெள்ளை மாளிகையிலேயே போட்டுப் பார்த்தார். அதே ஆண்டு ஜோர்ஜியாவில் அந்தக் கும்பல் மறுபடி உயிர்பெற்றது. (வில்சன் அந்தப் படத்தை மின்னலோடு ஒப்பிட்டுப் புகழ்ந்ததாக ஒரு வசனம் இணையமெங்கும் உலவுகிறது. அக்கால ஆதாரம் கிடையாது. எழுதிவிடாதீர்கள்.)

நன்மையும் நடந்திருக்கிறது. ‘லிங்கன்’ பார்த்துவிட்டு, எந்த மாநிலம் எப்போது 13ஆம் திருத்தத்தை ஏற்றது என்று தேடிப் பார்த்தார் மிசிசிப்பியில் வேலை செய்யும் இந்தியப் பிறப்புப் பேராசிரியர் ஒருவர். மிசிசிப்பி 1995இல்தான் ஏற்றிருந்தது, அந்தக் கடிதத்தையும் உரிய இடத்துக்கு அனுப்பியிருக்கவில்லை. 2013 பெப்ரவரியில் அனுப்பி முடித்தார்கள்.

வெள்ளைக்காரன் படத்தை மட்டும் கிழிக்கிறீங்க. தமிழ்ப் படங்கள்?

பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி மேடையை நினைத்துப் பாருங்கள். கண் மையால் மீசை கீறி, காட்போட் வாளுக்கு வெள்ளித்தாள் ஒட்டி, அம்மாவின் கூறைச் சேலையை அங்கியாய்ப் போட்ட பத்து வயதுப் பையன் ஜக்சன் துரையைப் பார்த்துக் கர்ச்சிக்கிறான். வசனம் ஒன்றும் ஆவணத்திலிருந்து வந்ததில்லை. கட்டபொம்மனும் ஜக்சனும் 1798இல் இராமநாதபுரத்தில் சந்தித்தது உண்மை, அங்கே முறுகல் ஏற்பட்டதும் உண்மை. பேச்சு, 1959 படத்துக்காகச் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. அந்தப் பையனிடம் இதைச் சொல்லி உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாம். பதினெட்டு வயதில் சொல்லலாம்.

1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ அடிமைகளைப் பற்றித்தான், ஆனால் கற்பனைத் தீவு, கற்பனை நாடு. எம்ஜிஆர் எதையும் வரலாறு என்று சொல்லவில்லை, நாமும் கேட்க வேண்டியதில்லை. 2013இல் பாலா எடுத்த ‘பரதேசி’யிடம் கேட்கலாம். தேயிலைத் தோட்டத்தில் கடனால் கட்டப்பட்ட மனிதரை அவ்வளவு உக்கிரமாகத் தமிழில் யாரும் காட்டியதில்லை. ஆனால் அதற்கு அடியாதாரமான நாவலை எழுதிய பி. எச். டேனியல் தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்த டொக்டர். படத்தில் வரும் டொக்டரோ மதம் மாற்ற ஆடிப்பாடுகிறவர். மூலத்தை எழுதியவரின் தொழிலையே கேலிக்கூத்தாக்கியது சரியென்று எனக்குப் படவில்லை. நம்ம மலையகத்தில், பழைய தோட்டத்துத் துரை துண்டு (கடன் தீர்ந்தது என்ற சீட்டு) கொடுக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாத நிலை 1921வரை இருந்தது. அதைப் பற்றிப் படமே இல்லையா என்று கேட்காதீர்கள். எடுங்கள்.

படத்தில் பார்த்ததைப் பரீட்சையில் எழுதலாமா?

படத்தின் பெயரைப் போட்டு ஆதாரமாக எழுதக் கூடாது. படம் கிளப்பிய கேள்விக்குப் புத்தகத்தில் தேடிய பதிலை எழுதலாம்.

இலங்கை அடிமைகள் பற்றிக் குறும்படம் எடுக்க விருப்பம். எங்கே தொடங்குவது?

1844 கட்டளைச் சட்டத்தையும் தேசவழமையின் அடிமைப் பகுதியையும் முதலில் வாசியுங்கள், இரண்டும் நீளமில்லை. பிறகு கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள். ஒல்லாந்தர் காலப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. பழைய ஒல்லாந்த மொழி வாசிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம், பிரிட்டிஷ் காலத்துப் பதிவுகள் ஆங்கிலத்தில் உண்டு. தேசிய அடையாள அட்டையும் பாடசாலையிலிருந்து ஒரு கடிதமும் கொண்டு போங்கள். கதாநாயகனாகப் பிரதம நீதியரசர் ஜோன்ஸ்டனைப் போடப் போவதாக இருந்தால் என்னிடம் ஒரு தடவை பேசிவிட்டுப் போங்கள்.